எலும்பும் எலும்பு போன்றதும்

1996ஆம் ஆண்டில் ஒரு வேதியியல் ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்றின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'மின்முனைவாக்கத்தால் ஹைட்ராக்சிஅபடைட் செராமிக்கின் மீது எலும்பு போன்ற படிக வளர்ச்சி விரைவுறுதலும் தாமதமுறுதலும்.' கிமிஹிரோ யமாஷிட்டாவும் அவருடைய ஜப்பானியச் சகாக்களும் எழுதியது. எலும்புக்குப் பதிலாகவோ துணையாகவோ உடலுக்குள் வைக்கப்படும் செராமிக் பொருளுக்கு மின்னூட்டம் ஏற்றினால் அதன் மேல் கனிமம் படிவது எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்த முன்னோடிக் கட்டுரைகளுள் இது ஒன்று.

இலக்கிய வாசகர்களாகிய நமக்குத் தலைப்பை நிறுத்தி நிதானமாக வாசிக்கும் பழக்கம் உண்டு. இந்தத் தலைப்பில் இரண்டு இடங்கள் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றன. ஒன்று, 'எலும்பு' என்று சொல்லாமல் 'எலும்பு போன்ற படிகம்' என்று சொல்லியிருப்பது. மற்றொன்று, 'விரைவுறுதல்' என்பதோடு நின்றுவிடாமல் 'தாமதமுறுதல்' என்பதையும் சேர்த்திருப்பது. ஆய்வாளர்கள் தாங்கள் கண்டதை எவ்வளவு அளந்து சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. ஆனால் இத்தகைய ஆய்வுகள் ஆய்விதழை விட்டு வெளியேறிச் செய்திக் குறிப்பாகவும் மேடைப்பேச்சாகவும் விற்பனை விளம்பரமாகவும் மாறும்போது, முதலில் உதிர்வன இவ்விரு சொற்களே. 'மின்சாரம் எலும்பை வளர்க்கும்' என்ற மூன்று சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த மூன்று சொற்களும் முற்றிலும் பொய் அல்ல. ஆயினும் அவை மெய்யும் அல்ல. இந்த இடைவெளியைக் குறித்துத்தான் இங்கே எழுத விரும்புகிறோம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சில் அயனிகளும் சேர்ந்த அபடைட் வகைப் படிகம் அது. எலும்பில் உள்ளது தூய்மையானதன்று. கார்பனேட்டும் வேறு அயனிகளும் கலந்தது, படிகங்களும் மிக நுண்ணியவை. அதன் தூய வடிவத்தை ஆய்வகத்தில் தயாரித்து, அழுத்தி, குயவர் சூளையைப் போன்ற உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுத்தால் கிடைப்பதே ஹைட்ராக்சிஅபடைட் செராமிக். எலும்பு இதை அந்நியப் பொருளாக ஒதுக்காமல் நேராக ஒட்டிக்கொள்கிறது. லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் 1985இல் இந்தப் பூச்சுடன் கூடிய இடுப்பு மூட்டுத் தண்டை நோயாளிக்குப் பொருத்தினார். அதற்குப் பிறகு அது உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்தப் படிகத்துக்குள் ஹைட்ராக்சில் அயனிகள் மணிகள் கோத்த சரம்போல் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் உண்டு. சாதாரண வெப்பநிலையில் இவை அசைவதில்லை. செராமிக்கைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, இரு பக்கமும் மின்வாய் வைத்து, சென்டிமீட்டருக்கு 1,000 வோல்ட் என்ற அளவில் மின்புலத்தைச் செலுத்தினால், ஹைட்ரஜனின் உட்கருவாகிய புரோட்டான்கள் அந்தச் சரத்தின் வழியே சிறிது இடம்பெயர்கின்றன. மின்புலத்தை எடுக்காமலேயே குளிர வைத்தால் அவை பெயர்ந்த இடத்திலேயே உறைந்துவிடுகின்றன. மின்கம்பியை அகற்றிய பிறகும் செராமிக்கின் ஒரு முகம் எதிர்மின்னூட்டத்தோடும் மறுமுகம் நேர்மின்னூட்டத்தோடும் நிலைத்திருக்கும். இதற்குத்தான் முனைவாக்கம் என்று பெயர். மின்கலமோ கம்பியோ தேவைப்படாத, பொருளுக்குள்ளேயே பூட்டிவைக்கப்பட்ட மின்னூட்டம்.

இப்படிச் செய்த செராமிக்கை, குருதி நீரின் அயனி அளவுகளைப் பின்பற்றித் தயாரித்த ஒரு கரைசலில் ஊற வைத்தார்கள். எதிர்மின் முகத்தில் எலும்புக் கனிமத்தை ஒத்த படிகம் விரைந்து வளர்ந்தது. நேர்மின் முகத்தில் வளர்ச்சி தடைப்பட்டது. தலைப்பில் உள்ள இரண்டு சொற்களும் இந்த இரண்டு முகங்களைக் குறிப்பன.

காரணமும் எளிதில் விளங்கக்கூடியதே. குருதி நீர் கால்சியமும் பாஸ்பேட்டும் மீத்தெவிட்டிய நிலையில் உள்ள கரைசல்; அதாவது அபடைட் படிகம் படிவதற்கு வேண்டியதைவிட அதிகமாகவே சரக்கு அதில் இருக்கிறது. படிவு தொடங்க ஒரு முளை தேவை, அவ்வளவே. எதிர்மின் முகம் நேர்மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனிகளை இழுத்துத் தன்மேல் குவிக்கிறது. குவிந்த கால்சியம் பாஸ்பேட்டை இழுக்கிறது. முளை உண்டாகிறது; மேலே படிகம் படர்கிறது. நேர்மின் முகத்திலோ குளோரைடு, பைகார்பனேட் போன்ற எதிர்மின் அயனிகள் முந்திக்கொண்டு அமர்ந்து, கால்சியத்துக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகின்றன. பாலில் உறைமோர் விழும் இடத்தை நாம் தேர்வு செய்ய முடிந்தால் எப்படியோ அப்படி, கனிமம் முளைக்கும் இடத்தையும் வேகத்தையும் தேர்வு செய்ய ஒரு வழி கிடைத்தது. அழகான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

இனி நம் மறுப்புகள். இவை ஆய்வாளர்களை நோக்கியவை அல்ல. ஆய்வைச் சொல்பவர்களை நோக்கியவை.

முதல் மறுப்பு, இரண்டு வெவ்வேறு மின்சாரங்களை ஒன்றாகக் குழப்புவது பற்றியது. எலும்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எவரும் இன்னொரு கதையோடுதான் தொடங்குவார்கள். எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் ஒரு நூலே எழுதினார். சுமையை எலும்பு எப்படி அறிகிறது என்பது விடுகதையாக இருந்தது. 1957இல் கியோட்டோவின் எலும்பு மருத்துவர் இவாவோ யசூடாவும் இயற்பியலாளர் எய்ச்சி ஃபுக்காடாவும், உலர்ந்த எலும்பை அழுத்தினால் அதில் மின்சாரம் தோன்றுகிறது என்று அளந்து காட்டினார்கள். இதுவே அழுத்தமின் விளைவு. 1962இல் அமெரிக்காவில் பாசெட், பெக்கர் ஆகியோர் இதே திசையில் மேலும் சென்றார்கள். எலும்பு மின்சாரத்தால்தான் பேசுகிறது என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'ஆகவேதான் மின்னூட்டம் ஏற்றிய செராமிக்கும் எலும்பை வளர்க்கிறது' என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த 'ஆகவே'க்கு அடியில் பாலம் இல்லை. யசூடாவும் ஃபுக்காடாவும் கண்ட அழுத்தமின் விளைவு எலும்பின் கனிமத்திலிருந்து வருவதன்று. கொலாஜன் என்ற புரத இழையிலிருந்து வருவது. கனிமத்தைக் கரைத்தெடுத்துவிட்டு மிஞ்சும் இழையிலும் அவ்விளைவு இருக்கிறது. ஹைட்ராக்சிஅபடைட் செராமிக்கில் கொலாஜனே கிடையாது. அதில் ஏற்றப்படும் மின்னூட்டம் மேலே சொன்ன புரோட்டான் இடப்பெயர்ச்சியால் வருவது. அது சுமையைப் பொறுத்துத் தோன்றி மறைவதில்லை, அப்படியே நிற்பது. ஒன்று, நடக்கும்போது கணந்தோறும் மாறும் குறிப்பு. மற்றொன்று, பூட்டி வைத்த இருப்பு. இரண்டும் மின்சாரம்தான் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றை நிறுவிவிட முடியாது.

அதோடு, முதல் கதையே அவ்வளவு நேர்க்கோட்டில் செல்லவில்லை. உயிருள்ள எலும்பு உலர்ந்தது அல்ல, ஈரமானது. ஈர எலும்பை வளைத்தால் அதன் நுண்கால்வாய்களில் உள்ள அயனித் திரவம் நகர்கிறது. அந்த ஓட்டத்தால் தோன்றும் மின்னழுத்தமே அங்கு முதன்மையானது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. 2018இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்கள்: எலும்பு வளையும்போது, குறிப்பாக ஒரு நுண்விரிசலின் நுனியில், அழுத்தமின் விளைவு இல்லாமலேயே மின்முனைவு உண்டாக முடியும், அதில் கனிமத்துக்கும் பங்கு உண்டு. ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் எலும்பின் மின்சாரம் எது என்ற கேள்வி முற்றுப்பெறவில்லை. முற்றுப்பெறாத ஒன்றை அடித்தளமாக வைத்து இன்னொன்றை எழுப்பும்போது அதைச் சொல்லிவிட்டு எழுப்புவதே நேர்மை.

இரண்டாவது மறுப்பு கண்ணாடிக் குடுவை பற்றியது. செராமிக்கின் மேல் படிகம் வளர்ந்தது உடலுக்குள் அன்று. தடாஷி கொக்குபோ உருவாக்கிய செயற்கை உடல்திரவத்தில். 36.5 டிகிரி வெப்பம், 7.40 என்ற கார அமில அளவு, லிட்டருக்கு 2.5 மில்லிமோல் கால்சியம், 1.0 மில்லிமோல் பாஸ்பேட். இந்த எண்கள் குருதி நீரோடு பொருந்துகின்றன. ஆனால் பைகார்பனேட் குருதி நீரில் 27 மில்லிமோல், குடுவையில் 4.2. குளோரைடு அங்கே 103. இங்கே சுமார் 148. குருதியில் உள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதி புரதங்களோடும் பிறவற்றோடும் பிணைந்து கிடக்கிறது. குடுவையிலோ புரதமே இல்லை. குருதியில் ஃபெட்டூயின் போன்ற புரதங்கள், கண்ட இடத்தில் கனிமம் படிந்துவிடாமல் காவல் காக்கின்றன. மீத்தெவிட்டிய கரைசல் நம் உடலெங்கும் ஓடியும் நாம் கல்லாகிவிடாமல் இருப்பதற்கு அந்தக் காவலும் ஒரு காரணம். காவலர் இல்லாத ஊரில் நடந்த சோதனையின் முடிவைக் காவலர் உள்ள ஊருக்கு அப்படியே பொருத்தலாமா?

இதைக் கேட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். கொக்குபோவும் தக்காடமாவும் 2006இல் இந்தக் கரைசலின் பயனை மதிப்பிட்டு எழுதிய கட்டுரையில், கரைசலில் அபடைட் படியவைக்கும் பொருள் உடலிலும் எலும்போடு பிணையும் என்று முன்கணிக்க இது உதவும் என்றார்கள்; விலங்குச் சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பதும் அவர்கள் வாதம். அதே கட்டுரையில், டிரைகால்சியம் பாஸ்பேட் போல அபடைட் அடுக்கு தென்படாமலேயே எலும்போடு பிணையும் பொருள்கள் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். 2009இல் போனரும் லெமேத்தரும் இன்னும் கடுமையாக எழுதினார்கள்: இந்தச் சோதனையை நம்புவதற்குப் போதிய ஆதாரம் திரளவில்லை, சோதனை முறையையே திருத்த வேண்டும் என்பது அவர்கள் நிலை. துறைக்குள் இவ்வளவு வெளிப்படையாக நடந்த விவாதம், துறைக்கு வெளியே வரும்போது ஒரு வரியாகக்கூட மிஞ்சுவதில்லை.

மூன்றாவது மறுப்பே நமக்கு முக்கியமானது. கனிமம் எலும்பு அன்று.

எலும்பைக் கட்டுவன செல்கள். அவை முதலில் கொலாஜன் இழைகளை நெய்கின்றன. அந்த இழைகளின் இடைவெளிகளில் கனிமம் ஒழுங்கோடு அமர்கிறது. கட்டும் செல்கள் ஒரு பக்கம், பழையதை அரித்தெடுக்கும் செல்கள் மறுபக்கம், குருதி நாளங்கள் நடுவே என்று ஓயாமல் வேலை நடக்கும் இடம் எலும்பு. இந்த ஆட்சி இல்லாமல் கனிமம் மட்டும் படிந்தால் அது என்னவாகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. தமனியின் சுவரில் படிந்தால் இதய நோய். சிறுநீரகத்தில் படிந்தால் கல். தோள்பட்டைத் தசைநாணில் படிந்தால் கை தூக்க முடியாத வலி. இவற்றில் பலவும் அதே கால்சியம் பாஸ்பேட்தான். ஆகவே 'கனிமம் விரைவாகப் படிந்தது' என்பதை 'எலும்பு விரைவாக வளர்ந்தது' என்று பெயர்த்தால், அது சுருக்கம் அன்று, பொருள்மாற்றம். 'எலும்பு போன்ற' என்பதில் உள்ள 'போன்ற'வை யமாஷிட்டா குழுவினர் அலங்காரத்துக்காகச் சேர்க்கவில்லை.

அப்படியானால் செல்கள் உள்ள சோதனைகளில் என்ன கண்டார்கள்? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுபதீப் போதக், சுஷ்மிதா போஸ், அமித் பந்த்யோபாத்யாய் ஆகியோர் 2009இல் முனைவாக்கிய ஹைட்ராக்சிஅபடைட்டின் மேல் மனித எலும்பாக்கச் செல்களை வளர்த்துப் பார்த்தார்கள். எதிர்மின் முகத்தில் செல்கள் நன்கு பரவிப் பெருகின. நேர்மின் முகத்தில் அந்த அளவுக்கு இல்லை. ஜப்பானியக் குழுவினர் 2001இல் விலங்குகளின் எலும்பில் பொருத்திப் பார்த்தபோதும் எதிர்மின் முகத்தை ஒட்டி எலும்பு சிறப்பாகப் பிணைந்தது. கான்பூரிலும் பின்னர் பெங்களூரிலும் பிக்ரம்ஜித் பாசுவின் குழு, ஹைட்ராக்சிஅபடைட்டோடு அழுத்தமின் விளைவுள்ள பேரியம் டைட்டனேட்டைக் கலந்து வேறொரு வழியில் முயன்றிருக்கிறது. இவையெல்லாம் நம்பிக்கை தரும் செய்திகள்தாம், நாம் மறுக்கவில்லை.

ஆனால் இங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. உடல்திரவத்தில் உள்ள உப்பின் அளவுக்கு, ஒரு மேற்பரப்பின் மின்னூட்டம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே எதிர் அயனிகளால் மூடப்பட்டுவிடும். நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வந்து அமரும் செல்லோ அதைப்போல் பத்தாயிரம் மடங்கு பெரியது. அப்படியிருக்க, செல் அந்த மின்னூட்டத்தை நேரடியாக 'உணர்கிறது' என்று சொல்வது பெரும்பாலும் கவிதை. செல் வருவதற்கு வெகுமுன்பே புரதங்கள் வந்து பரப்பை மூடிவிடுகின்றன. செல் தொட்டுப் பார்ப்பது அந்தப் புரத விரிப்பைத்தான். எந்தப் புரதம், எந்த வாக்கில், எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது என்பதை மின்னூட்டம் மாற்றியிருக்கலாம். மேலும் முனைவாக்கத்தால் செராமிக்கின் மீது நீர் பரவும் தன்மையும் மாறுகிறது. 2009ஆம் ஆண்டுக் கட்டுரை தன் தலைப்பிலேயே அதையும் மின்னூட்டத்தோடு சேர்த்தே பேசுகிறது. நன்மை செய்தது மின்னூட்டமா, ஈரம் பரவியதா, புரதமா, முதலில் படிந்த கனிமமா? இவற்றைத் தனித்தனியே பிரித்தறிவது கடினம். 'மின்சாரம் எலும்பை வளர்க்கும்' என்ற வாக்கியத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் மட்டுமல்ல, வினையும் ஐயத்துக்குரியது.

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். மின்னூட்டத்தை ஒரு முகத்தில் மட்டும் ஏற்ற முடியாது. எதிர்மின் முகம் உள்ள ஒவ்வொரு தகட்டுக்கும் நேர்மின் முகம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் விரைவு என்றால் மறுபக்கம் தாமதம். தட்டையான தகட்டில் எந்த முகத்தை எலும்பை நோக்கி வைப்பது என்று மருத்துவர் தேர்ந்துகொள்ளலாம். எலும்புக்குள் செருகப்படும் உருண்டைத் தண்டில், எல்லாப் பக்கமும் எலும்பே இருக்கும்போது, தாமதிக்கும் முகத்தை எங்கே கொண்டு மறைப்பது? பஞ்சுபோல் துளைகள் நிறைந்த செராமிக் கட்டியில் ஒவ்வொரு துளைக்குள்ளும் இரு வகைச் சுவர்களும் எதிரெதிரே இருக்குமே? தீர்வே இல்லாத கேள்விகள் அல்ல இவை. துளையுள்ள கட்டிகளிலும் ஆய்வு நடந்திருக்கிறது. ஆனால் தலைப்பிலிருந்து 'தாமதமுறுதல்' என்ற சொல்லை நீக்கிவிட்டவர்களுக்கு இந்தக் கேள்விகளே தோன்றாது. ஒரு சொல்லை நீக்கும்போது அதோடு சேர்ந்து ஒரு சிக்கலும் பார்வையிலிருந்து நீங்கிவிடுகிறது. இதைத்தான் நாம் ஆபத்து என்கிறோம்.

'இவ்வளவு நுணுக்கம் பொது வாசகனுக்கு எதற்கு? ஆர்வத்தைத் தூண்டினால் போதாதா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தமிழில் அறிவியல் எழுதுவதே அரிது, எழுதுகிறவர்களையும் தடுக்கி விழச்செய்ய வேண்டுமா என்பது அதன் உட்பொருள். இதில் நியாயம் உண்டு. எளிமைப்படுத்தாமல் எதையும் விளக்க முடியாது. உறைமோர் உவமை சொன்ன நாமும் எளிமைப்படுத்தியவர்களே. ஆனால் எளிமைப்படுத்துதல் வேறு, பொருளை மாற்றுதல் வேறு. 'எலும்பு போன்ற படிகம்' என்பது 'எலும்பு' என்பதைவிடக் கடினமான சொற்றொடர் அன்று. எந்த வாசகனுக்கும் புரியும். அதை விட்டுவிடுவது வாசகனுக்காகச் செய்யும் உதவியும் அன்று.

மேலும் இந்தத் துறையில் சொல் தவறினால் அதற்கு விலை கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். முறிந்த எலும்பு கூடாமல் மாதக்கணக்கில் படுத்திருப்பவர். பொருத்திய மூட்டு தளர்ந்து இரண்டாம் முறை அறுவைக்கு ஆளாகும் முதியவர். அவர்களிடம் 'மின்சாரம் எலும்பை வளர்க்கும் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்' என்று சொல்லி எதையும் விற்கலாம். காந்தப் பட்டையும் மின் வளையமும் அவ்வாறு விற்கப்படுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மருத்துவ ஒழுங்குக்கு உட்பட்ட கருவிகளின் நிலையும் சிக்கலானதே. கூடாத முறிவுகளுக்கான மின்காந்தத் துடிப்புக் கருவிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1979இல் அனுமதி அளித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2011இல், காக்ரேன் தொகுப்பாய்வு நீள எலும்புகளில் இத்தகைய சிகிச்சைக்கான ஆதாரங்களைத் தேடியபோது, தன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதற்குக் கிடைத்தவை 4 சோதனைகள், மொத்தம் 125 நோயாளிகள். பலன் இருக்கக்கூடும், ஆனால் முடிவாகச் சொல்ல இது போதாது என்றது அது. வெளியிலிருந்து செலுத்தும் மின்காந்தப் புலம் வேறு, செராமிக்கில் உறைந்த மின்னூட்டம் வேறு என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறோம். 'மின்சாரம்' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிடுவதால், ஒன்றின் ஆய்வக வெற்றி மற்றொன்றின் விற்பனைக்குச் சான்றிதழாகிவிடுகிறது.

நம் தரப்பைத் தொகுத்துச் சொல்கிறோம். மின்னூட்டம் ஏற்றிய செராமிக் பற்றித் தமிழில் எழுதுபவர் மூன்று செய்திகளைக் கைவிடக் கூடாது. வளர்ந்தது கனிமமா, எலும்பா என்பது முதலாவது. எங்கே வளர்ந்தது, குடுவையிலா, செல் வளர்ப்புத் தட்டிலா, விலங்கிலா, மனிதரிலா என்பது இரண்டாவது. எந்த முகத்தில் வளர்ந்தது, மறுமுகத்தில் என்ன ஆயிற்று என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சொல்ல நான்கு வரி போதும். சொல்லிவிட்டால் வியப்பு குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு நம் பதில், வியப்பு எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பதே.

நம்மைப் பொறுத்தவரை வியப்பு இங்கே இருக்கிறது: கல்போல் அசையாமல் தோன்றும் ஒரு சுடுபொருளுக்குள், ஓர் அணுவின் அளவே உள்ள தூரத்துக்குப் புரோட்டானை நகர்த்தி நிறுத்திவிட்டால், அதன் வெளிமுகத்தில் எந்த அயனி முதலில் வந்து அமரும் என்பது மாறிவிடுகிறது. முதலில் அமர்வது மாறினால் அடுத்து வருவதும் மாறுகிறது. மின்னூட்டத்தின் எட்டுதொலைவு ஒரு நானோமீட்டர்கூட இல்லை. அதன் வேலை தொடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. மேலே எழுவதையெல்லாம் உடலே செய்துகொள்கிறது. உள்வைப்பு பொருத்தப்பட்ட முதல் சில வாரங்களில் எலும்பு அதைப் பற்றிக்கொள்கிறதா, இல்லையா என்பதில்தான் பின்னர் அது நிலைப்பதும் தளர்வதும் பெருமளவு அடங்கியிருக்கிறது. அந்த முதல் வாரங்களில், அதிலும் முதல் மணிநேரங்களில், ஒரு சிறு சாய்வை உண்டாக்க முடியும் என்றால் அது பெரிய செய்தியே. அதை மனிதரில், போதிய எண்ணிக்கையில், நீண்ட காலத்துக்குச் சோதித்து நிறுவும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. முனைவாக்கிய செராமிக் இன்றும் அறுவை அரங்கின் அன்றாடப் பொருளாகிவிடவில்லை.

அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள் அவசரப்படவில்லை. 1996இல் 'போன்ற' என்று எழுதியவர்கள், 'போன்ற'வை எடுக்கும் நாள் வரும்வரை அதை எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களைத் தமிழில் அறிமுகப்படுத்தும் நாமும் அந்தச் சொல்லை அதன் இடத்திலேயே விட்டுவைப்போம்.